மூடியைத் திறந்தவள்

கிளெனிஸ் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முட்டைக்குள் இருக்கிற குஞ்சு தானே ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். வரத் தெரியாததை யாரும் கைகொடுத்து எடுக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் கோலாக் பக்கம் கண்காட்சிப் போட்டிக்குக் கோழி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்வதோடு சரி. பாதிப் பேர் யாரும் பார்க்காத நேரத்தில் முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து, நகத்தால் ஓட்டைச் சுரண்டிவிட்டு, மறுநாள் கோழி வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் பெரிய யோக்கியர்கள் மாதிரி உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறவர்கள். கிளெனிஸ் அந்த ரகம் இல்லை. இருபது வருஷத்தில் அவள் ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. உள்ளே ஒன்று கத்திக் கத்தி ஓய்ந்துபோவதைக் காதால் கேட்டுக்கொண்டே டீ குடிப்பாள். "வர முடியாதது உள்ளயே இருக்கட்டும்" என்பாள். அதனால்தான் அவளுடைய கறுப்பு லாங்ஷான் கோழிகளுக்கு அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பெயர். உயரம், நெஞ்சு, வெயிலில் பச்சையாக மின்னும் இறகு என்று எல்லாம் பார்த்துப் பார்த்து, ஒன்றுமில்லாமல் தொடங்கி, அவள் கையால் உண்டாக்கிய வம்சம் அது. கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளை பிறக்கவில்லை. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது வயிற்றுக்கு. மற்றதெல்லாம் கோழிக்கு.

அந்தச் சட்டத்தைத் தன் தம்பி டாரிலுக்கும் சேர்த்துத்தான் அவள் சொல்லிவந்தாள். ஆனால் அம்மா கேட்டால்தானே! நாற்பத்தெட்டு வயதில் டாரில், இரண்டாவது பெண்டாட்டியும் துரத்திவிட்ட பிறகு, ஒரு பையோடு வந்து கொட்டகைக்குப் பின்னால் கிடந்த கேரவனில் குடியேறியிருந்தான். அம்மா வால்டா அவனுக்குத் தினமும் முட்டையும் பேக்கனும் வறுத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, ஊர்ச் சூதாட்ட மெஷினில் அவன் தோற்கிற காசுக்கு "பாவம், அவனுக்கு நேரம் சரியில்ல" என்று சமாதானமும் சொல்வாள். டாரில் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால்கூட அவனால் அதில் ஒரு பத்து நாள் நிலைத்திருக்க முடியாது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் கிளெனிஸ் ஜீலாங்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. "சாயங்காலம் கூண்டுக் கதவ மட்டும் சாத்திரு" என்று டாரிலிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவன் பப்புக்குப் போனான். நரி கூண்டுக்குள் போனது.

நரிக்குப் பசி ஒரு கோழி அளவுதான், ஆனால் கொல்லுகிற ஆசை கூண்டு முழுக்க. காலையில் அவள் பார்த்தபோது ஒரு சேவல்கூட, ஒரு பெட்டைகூட மிஞ்சவில்லை. ஒன்றுதான் காணாமல் போயிருந்தது. மற்றவையெல்லாம் அங்கேயே தலையில்லாமல் கிடந்தன.

"மறந்துட்டேன் கிளென்" என்றான் டாரில். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறான். "அடி, திட்டு, என்ன வேணா பண்ணு. மறந்துட்டேன்."

அவள் அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பகல் முழுவதும் குழி வெட்டினான்.

சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில், அந்த வாரம் பொறுக்கி வைத்த முட்டைகள் அட்டைத் தட்டில் இருந்தன. பதினொன்று. இருபது வருஷத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அவற்றை அவள் அன்றைக்கே இன்குபேட்டரில் வைத்தாள். அந்தப் பெட்டி, துணி துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. மூடியில் கண்ணாடி ஜன்னல், உள்ளே சின்ன விசிறி, அடியில் தண்ணீர்த் தட்டு.

"ஒரு அடைக்கோழிய யார்கிட்டயாவது கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றாள் அம்மா. "நாங்கல்லாம் மெஷினா வச்சோம்? கோழிக்கு அடியில வச்சோம். வர முடியாம ஒண்ணு ரெண்டு தவிக்கும். எடுத்து, வெந்நியில துணிய நனைச்சு மெதுவா ஒத்தி, தோல்ல ரத்தம் இல்லன்னு பாத்துட்டு, உரிச்சு, கம்பளிக் குல்லாய்க்குள்ள போட்டு ரொட்டி சுடுற அடுப்போட கதவு மேல வச்சா, சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சு ஓடும். எத்தன எடுத்திருக்கேன் தெரியுமா?"

"தெரியும்மா. ஒண்ணு கேரவன்ல இருக்கு."

அம்மாவுக்கு அது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா, இன்னொண்ணு தானா வெளிய வந்துச்சு. அதுல இருந்து யாரையும் கொத்தாம ஒருநாள் இருந்ததில்ல."

கிளெனிஸ் சிரித்துவிட்டாள். பிறகு விரலை நீட்டிச் சொன்னாள். "நல்லாக் கேட்டுக்கோ. கடைசி மூணு நாள் மூடியத் தொடவே கூடாது. உள்ள இருக்கிற ஈரம் போச்சுன்னா, கொத்த ஆரம்பிச்ச குஞ்சு மேல அந்தச் சவ்வு காஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் அது திரும்பவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது. ஒண்ணுக்காகத் திறந்தா மத்ததெல்லாம் போச்சு. அடைக்கோழி வேற, இது வேற."

"சரி மகாராணி" என்றாள் அம்மா.

டாரிலிடமும் சொன்னாள். அவனுக்குச் சொல்லியே இருக்கவேண்டாம். பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஃபுட்பால் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். பப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தான். "இந்த மூலைல ஒண்ணு ஆடுச்சு கிளென்" என்பான். அவள் துணியை மடித்துக்கொண்டிருப்பாள். பதினொன்றும் பொரிந்தாலும் அவனை மன்னிப்பதாக அவளுக்கு எண்ணம் இல்லை. ஆனால் பொரியவேண்டும். பொரியாவிட்டால் இருபது வருஷம் ஒரு குடிகாரனின் மறதியில் போயிற்று என்று ஆகும். அதை மட்டும் அவளால் தாங்கமுடியாது.

முதல் முட்டையில் ஒரு சாயங்காலம் விரிசல் விட்டது. நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன வெடிப்பு, அதன் நடுவில் மூக்கு நுனி. நல்ல குரல். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிகாலையில் எழுந்து வந்து பார்த்தாள். வெடிப்பு அப்படியே இருந்தது. ஒரு நெல் அளவுகூடப் பெரிதாகவில்லை. மூக்கு அசையவில்லை. மற்ற முட்டைகளில் ஐந்தாறு இரவோடு இரவாக விரிசல் விட்டிருந்தன. எல்லாம் கத்திக்கொண்டிருந்தன. முதலாவதில் மட்டும் சத்தமில்லை.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? கொத்தின குஞ்சு ஒரு பகல், ஒரு ராத்திரிகூடச் சும்மா கிடக்கும். அது சாகவில்லை, களைப்பாறுகிறது. சவ்வில் ஓடுகிற ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கிற மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். அது முடிகிறவரை வெளியே வராது, வரவும் கூடாது. சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை அவளே எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறாள்! "பொறுத்துக்க முடியலன்னா வெளிய போய்ப் புல்லு வெட்டுங்க" என்பாள்.

ஆனால் அப்போதெல்லாம் கூண்டு நிறையக் கோழி இருந்தது. இருக்கிறவளுக்குச் சட்டம் சுலபம். இன்றைக்கு அந்தப் பதினொன்றில் ஒன்று போனால் அவளுக்குத் தன் உயிரில் ஒரு பங்கு போகிற மாதிரி இருந்தது.  யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் மூடியைத் தூக்கினாள்.

ஒரு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தாள். மூடியை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, முட்டையைக் கையில் எடுத்து, வெடிப்பின் ஓரத்தை நகத்தால் கிள்ளினாள். ஓடு சில்லாக வந்தது. அடியில் சவ்வு. அதையும் கொஞ்சம் உரித்தாள். உரித்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, கோடு நிறைந்தது, வழிந்தது. உள்ளே இருந்தது உயிரோடு இருந்ததால்தான் அவ்வளவு ரத்தம். குஞ்சு வீறிட்டது. கிளெனிஸ் விரலை வைத்து அழுத்தினாள். சமையலறைக்கு ஓடி சோளமாவைக் கொண்டுவந்து அப்பினாள். மாவு சிவந்தது. மறுபடி அப்பினாள். "நில்லு, நில்லு, நில்லு" என்று அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் மூடி நினைவு வந்தது. பின்கதவும் திறந்திருந்தது. உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வருகிற வறண்ட வடகாற்று இரவெல்லாம் வீசி, துணிக்கொடியில் போட்ட ஈரச் சாக்ஸெல்லாம் காய்ந்து விறைத்துப் போயிருந்த காலை அது. பெட்டியின் ஈரத்தைக் காட்டுகிற முள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவள் வெந்நீரைத் தட்டில் ஊற்றினாள், மூடியைப் போட்டாள். கண்ணாடியில் மறுபடி லேசாக ஆவி படிந்தது. சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செத்த குஞ்சைக் காகிதத் துண்டில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, மேசையைத் துடைத்துவிட்டுப் பேருந்து எடுக்கக் கிளம்பினாள்.

வழியில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால், மாட்டுப் பண்ணை ஓரத்து ஓடையில் வண்டியை நிறுத்தி அதை வீசி எறிந்தாள். அழுகை வரவில்லை. தன்மேல் இருந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பேருந்தை விட்டுவிட்டு, ஊரில் டீசல் போட்டு, தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, துணி துவைக்கும் அறையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சமையலறை அடுப்பின் திறந்த கதவில் கம்பளிக் குல்லாய் ஒன்று இருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது.

கிளெனிஸ் பெட்டியைப் பார்த்தாள். விரிசல் விட்ட முட்டைகளில் சத்தம் இல்லை. ஓட்டையின் ஓரத்தில் சவ்வு வெள்ளையாக, காகிதம் மாதிரி, உள்ளே இருந்த மூக்கின்மேல் இறுக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே அப்படி. விரிசல் விடாத மிச்சம் நாலைந்தும் அதற்கப்புறம் பொரியவே இல்லை.

"கிளென்" என்றாள் அம்மா. "நான் திறந்தேன். ஒண்ணுதான் எடுத்தேன். நான் திறக்கும்போது..."

"திறந்தியா?"

"கேளு. நான் பாக்கும்போதே..."

"திறந்தியாம்மா? நான் என்ன சொன்னேன்? என்ன சொன்னேன் உன்கிட்ட?"

அவளுக்கு அந்த நொடியில் முதலில் வந்தது கோபம் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்த மாதிரி ஒரு சுகம் வந்தது. அது சுகம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அது தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினாள்.

"இதான் உன் புத்தி! ஒண்ணு மூச்சு முட்டிக் கெடந்தா அதப் போய்த் தூக்குவ. அதத் தூக்குறதுக்குள்ள மத்தது நாசமாப் போனா உனக்குக் கவலையில்ல. அங்க ஒருத்தன் கேரவன்ல கெடக்கான் பாரு, அவன இழுத்து இழுத்தே இந்த வீட்ட முடிச்ச. அப்பா வித்த பாதி நிலம் யாரால போச்சு? என் கோழி யாரால போச்சு? இப்ப மிச்சமிருந்ததயும் நீ முடிச்சுட்ட. திருப்திதானே?"

  எண்பதை நெருங்குகிற அம்மாவின் முகத்தில், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளையின் விழிப்பு இருந்தது. குல்லாய்க்குள்ளிருந்து அந்த ஒற்றைக் குஞ்சு கீச்சென்றது.

சத்தம் கேட்டு டாரில் வாசலில் வந்து நின்றான். "என்னாச்சு?"

"உங்கம்மாவக் கேளு" என்றாள் கிளெனிஸ்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா கேரவனுக்குப் போனாள். திரும்பி வந்து, "போகச் சொல்லிட்டேன்" என்றாள்.  டாரில் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வடக்கே மில்டுராவில் ஆரஞ்சு பறிக்க ஆள் எடுக்கிறார்களாம். போகும்போது துணி துவைக்கும் அறை ஜன்னல் வழியாக எட்டி, விளக்குக்குக் கீழே தனியாக நின்ற அந்தக் குஞ்சைப் பார்த்து, "நல்லா இருடா" என்றான். அக்காவைப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்ல கிளெனிஸுக்கு எத்தனையோ நாள் இருந்தது. அவள் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள், யார் திறந்து போச்சு என்று எப்படி உறுதியாகச் சொல்லமுடியும், அம்மாவும்தானே திறந்தாள் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனதும் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டாள். மனசு என்ன பாவமெல்லாம் செய்யுமோ, அதற்கு வக்கீலும் அதுவேதான்.

சங்கத்தில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். "அம்மாவாச்சே, என்ன பண்றது" என்றார்கள். கிளெனிஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. வால்டா என்றால் அந்தச் சமையலறையில் ராணி. யாரையும் ஒரு கரண்டியைக்கூட எடுக்கவிடமாட்டாள். அவள் இப்போது எதற்கெடுத்தாலும் கேட்டாள். "கிளென், ஃப்ரிட்ஜத் திறக்கட்டுமா?" "கிளென், குஞ்சுக்குத் தண்ணி மாத்தலாமா, இல்ல நீயே மாத்துறியா?" முதலில் குத்திக்காட்டுகிறாள் என்று கிளெனிஸ் நினைத்தாள். குத்தல் இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிற அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒருநாள் கிளெனிஸ் வேண்டுமென்றே, "ஸ்கோன் ரொட்டி கல்லு மாதிரி இருக்கு" என்றாள், சண்டைக்காவது வரட்டும் என்று. "மன்னிச்சுக்கோ, வேற சுடுறேன்" என்று அம்மா எழுந்தாள்.

அந்தக் குஞ்சு வளர்ந்தது. வளர்ந்து பெட்டையாயிற்று, அதுவும் எப்பேர்ப்பட்ட பெட்டை! நீளக் கால், அகல முதுகு, கண்ணில் திமிர். இருபது வருஷத்தில் இப்படி ஒன்று அவளுக்கு வாய்த்ததில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. அம்மா கைகொடுத்து வந்தது அது. அவள் கைகொடுத்தது ஓடையில் போனது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெவில் பார்ட்ரம் வந்தார். சங்கத்துக்கு மூத்தவர், போட்டிகளில் தீர்ப்புச் சொல்கிறவர். பல வருஷத்துக்கு முன்னால் கிளெனிஸிடம் ஒரு சேவலை வாங்கிப்போய்த் தன் கோழிகளோடு விட்டிருந்தார். அதன் பேரனை ஒரு பெட்டியில் போட்டு, டிரக்கின் பின்னால் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உன் சொத்துதான் கண்ணு, உன்கிட்டயே சேரட்டும்" என்றார். "பெட்டையக் காட்டு."

காட்டினாள். அவர் அதைத் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவி, இறக்கையை விரித்து, காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "வம்சம் போகல கிளெனிஸ்" என்றார்.  போகவில்லை. இந்த ஒன்றும் அந்தச் சேவலும் போதும். மூன்று வருஷம், நாலு வருஷம், மறுபடி கூண்டு நிறையும்.

சமையலறையில் டீ குடிக்கும்போது அவர் கேட்டார். "இது கைகொடுத்து எடுத்ததுன்னு சொன்னாங்களே. நெசமா?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் எடுத்தேன் நெவில். கிளெனிஸ் தொடாதன்னு சொன்னா. கேக்காம எடுத்தேன்." குரல் கம்மிக்கொண்டு வந்தது. "என்னமோ, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. கண்ணாடி வழியாப் பாக்குறேன், கொத்தினது எல்லாத்துக்கும் சவ்வு வெள்ளையாக் காஞ்சு ஒட்டிக் கெடக்கு. சத்தமே இல்ல. ஓரத்துல இந்த ஒண்ணு மட்டும்தான் இன்னும் ஈரமா, மூக்க ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. இதயாவது எடுப்போம்னு திறந்தேன்."

நெவில் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "இரு, இரு. நீ திறக்குறதுக்கு முன்னாடியே காஞ்சிருந்துச்சா?"

"ஆமா. கண்ணாடி வழியாவே தெரிஞ்சுதே."

"மூடியே இருந்தா அப்படிக் காயாது வால்டா. மூடி போட்ட பெட்டில சவ்வு எங்க காயும்? அன்னிக்கு அதுக்கு முன்னாடியே யாரோ திறந்திருக்கணும். ரொம்ப நேரம் திறந்து போட்டிருக்கணும்."

கிளெனிஸ் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. நெவிலின் கண் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள்தான் தொடமாட்டாளே! ஊருக்கே தெரிந்த விஷயம். இருபது வருஷம் அவள் காத்த பேர் அந்த மேசையில் அவளுக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி நின்றது.

"வீட்டுல நாங்க மூணு பேருதான்" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒன்று புரிந்துகொண்டு வந்தது. "டாரில்" என்றாள்.

"அவனா?" என்றார் நெவில்.

"வேற யாரு? பொழுதன்னைக்கும் அது முன்னாடிதான உக்காந்திருந்தான். ரொட்டி சுட காலைல உள்ள வந்தான், நான் பாத்தேன். திறந்து பாத்திருப்பான். அப்புறம் மூடிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல வந்து நின்னு, என்னாச்சுன்னு கேட்டான் பாரு! என்னாச்சாம்!" அவள் குரல் ஏறியது. ஆறு மாதமாகக் கேட்காத குரல். "ஆறு மாசம் நெவில். மெஷினப் பத்தி எனக்கென்ன தெரியும், நான் திறந்ததுலதான் போச்சுன்னு ஆறு மாசமா ராத்திரி தூங்கல. கொன்னுட்டோமே, பெத்த பொண்ணோட பாடு எல்லாத்தையும் கொன்னுட்டோமேன்னு செத்துகிட்டு இருந்தேன். அவன் வாயத் திறந்தானா?"

கிளெனிஸ் நிமிர்ந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று அவளுக்குத் தெரிந்தது. 'இல்லம்மா' என்று ஒரு சொல் போதும். நாக்கில்கூட வந்துவிட்டது. ஆனால் வெளியே டிரக்கில் அந்தச் சேவல் கூவியது, நெவில் அவளைப் பரிவோடு பார்த்தார், அம்மாவின் முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் எதற்கு என்று இருந்தது.

"விடும்மா" என்றாள். "நடந்தது நடந்துபோச்சு. அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு இருக்குற மனசு யாருக்கு வரும்?" அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "உன்ன எவ்வளவு பேசியிருக்கேன், கொத்துற கோழின்னு. நீ சொன்னதுதான் சரி. அவன நான் தூக்கியே இருக்கக் கூடாது. நல்லவேளை அனுப்பினேன்."

ஃபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு டாரில் கூப்பிடுவான். அம்மா அதைப் பார்த்தாள், எழவில்லை. "நீயே எடு. அவன் சத்தத்தக் கேக்க எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு, "வாங்க நெவில், சேவல உள்ள விடுறதப் பாப்போம்" என்று யாரையும் கேட்காமல் பின்கதவை விரியத் திறந்துகொண்டு இறங்கிப்போனாள்.

கிளெனிஸ் ஃபோனை எடுத்தாள்.

"கிளெனா? எப்படி இருக்க? இங்க வெயிலு கொல்லுது" என்றான் டாரில். குரல் தெளிவாக இருந்தது. "நான் அந்தச் சூதாட்ட மெஷின் பக்கம் போயி மூணு மாசம் ஆச்சு, தெரியுமா? அம்மாட்ட சொல்லணும். குடு அவகிட்ட."

"வெளிய இருக்கா."

"கூப்பிடேன். ஈஸ்டருக்கு வரலாம்னு இருக்கேன். அந்தக் கோழியையும் பாக்கணும். பெருசாயிருச்சா?"

"பெருசாயிருச்சு." அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெவில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அம்மா இடுப்பில் கைவைத்து நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். "டாரில், ஈஸ்டருக்கு வரவேணாம்."

"நீ சொல்றியா, அம்மா சொல்றாளா?"

"அம்மாதான் சொல்றா."

 அவனுக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"ஏன் கிளென்? நான் இப்ப என்ன பண்ணேன்?"

அவளுக்கு அதற்குப் பதில் தெரியும். ஃபோனை வைத்துவிட்டுக் கோழியைப் பார்க்கப் போனாள்.